சூளைச் சூடு இறங்கட்டும் என்று உட்கார்ந்திருந்தோம்

நானும் என் மச்சான் கோவிந்தசாமியும் விருத்தாசலத்தில் ஒரே பீங்கான் சூளையில் வேலை பார்த்து, ஒரே வருடம் ஓய்வு பெற்றவர்கள். சூளைக்காரன் உடம்பில் ஏறிய சூடு, வேலையை விட்டபின் உட்கார்ந்து உட்கார்ந்துதான் இறங்கும் என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. அதனால் காலை டீ முதல் விளக்கு வைக்கும் வரை அவர் வீட்டுக் கூடத்தில் சீட்டாட்டம்தான். சோறும் அங்கேயே வரும். தொப்பை விழுந்தது. கடைத்தெரு வரை நடந்தாலே அவருக்கு மூச்சு வாங்கியது. அதற்காகவும் இன்னும் கொஞ்சம் உட்கார்ந்தோம்.

போன சித்திரையில் ஒரு நாள், சீட்டைக் கலைத்துக்கொண்டிருந்தவருக்குத் திடீரென்று வேர்த்துக் கொட்டியது. நெஞ்சைத் தடவிக்கொண்டார்.

"ஒண்ணுமில்ல மாப்ளே, சூளச் சூடு எறங்குது," என்றார்.

அவர் மனைவிதான் பயந்துபோய், "ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போயிடலாமாண்ணே?" என்று என்னைக் கேட்டார்.

"மோர் கொண்டாம்மா, சரியாப் பூடும்," என்று சொல்லிவிட்டு விசிற ஆரம்பித்தேன். மோர் வருவதற்குள் அவர் தலை சாய்ந்துவிட்டது.

டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "சூடும் இல்ல, ஒண்ணும் இல்ல, மாரடைப்புங்க. ஓடியாடுன ஒடம்ப இப்படி ஒக்கார வெச்சா தாங்குமா?" என்றார்.

இப்போது விடிந்ததும் மணிமுத்தாற்றங்கரை வரை நடக்கிறேன். சும்மா உட்கார்ந்திருக்கும்போது எனக்கு வேர்த்தால், விசிறியைத் தேடாமல் ஆஸ்பத்திரிக்கு வண்டியைக் கூப்பிடும்படி வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். போகிற வழியில் மச்சான் வீட்டைத் தாண்டும்போது மட்டும் என் கால் தானாக வேகமெடுக்கிறது. அவர் மனைவி வாசலில் நின்றுகொண்டிருப்பார்.