ஒட்டடைக்குள் ஓர் ஊர்

வெட்டுக்கிளி ஒன்று தவறிப்போய் வேலியில் விழுந்தது. அன்றைக்குத்தான் எனக்கு இந்தக் கிறுக்குப் பிடித்தது.

ஓடைப்பட்டியில் சித்தப்பாவின் திராட்சைத் தோட்டத்தைச் சுற்றி முள்வேலி. அதில் அழுக்குத் துணி மாதிரி ஓர் ஒட்டடை தொங்கும். பல தடவை கடந்து போயிருக்கிறேன், நின்று பார்த்ததில்லை. வெட்டுக்கிளி அதில் சிக்கி உதறியதும் உள்ளேயிருந்து ஒரு சிலந்தி வந்தது. சரி, வழக்கம்தானே என்று நினைப்பதற்குள் இன்னொன்று. அப்புறம் நாலு, ஒன்பது, பதினாலு! தட்டாம்பயறு அளவில் சாம்பல் நிறச் சிலந்திகள். ஒன்றையொன்று கடிக்கவில்லை, விரட்டவில்லை. ஆளுக்கொரு காலைப் பிடித்து வெட்டுக்கிளியை உள்ளே இழுத்துப் போயின. ஒரு வலைக்கு ஒரு சிலந்திதான் என்று பட்டம் வாங்கிய பிறகும் நம்பிக்கொண்டிருந்தவள் நான்.

அதற்குப் பிறகு வாரம் தவறாமல் எங்கள் ஊர் அல்லிநகரத்திலிருந்து பஸ் ஏறினேன். கையில் ஒரு நோட்டு, செல்போனில் மாட்டும் சின்ன லென்ஸ். லென்ஸ் வழியே பார்த்தால் அந்த வலையில் பசைத்துளியே இல்லை! பஞ்சை அடித்துச் சுற்றியதுபோல நுண்ணிய இழைகள். அதில்தான் வண்டின் முள்ளுக்கால் மாட்டிக்கொள்கிறது. போன மாதம் கூட்டின் கிழிசலில் வெள்ளை வில்லைகள் தெரிந்தன. முட்டைப் பைகள்.

போன சனிக்கிழமை மத்தியானம் சாப்பிடும்போது சித்தப்பா சொன்னார்: "நாளைக் காலையில மருந்தடிக்க வாராக."

நான் தட்டைத் தள்ளி வைத்தேன். கூடு இருப்பது கடைசிக் கொடி வரிசையை ஒட்டி. மருந்துச் சாரல் பட்டால் அவ்வளவுதான்.

"ஒரு வாரம் தள்ளிப்போடலாமா சித்தப்பா?"

"செவட்டை நோய் ஒரு வாரம் வாசல்ல நிக்குமா, ஆத்தா? இலை பூராம் கருகிப்போகும். நீ வேணா ஒன் எட்டுக்காலிகளுக்குக் குடை புடி."

அவர் சொன்னது நியாயம்தான். அந்தக் கொடிதான் அவர்கள் சாப்பாடு. அப்படியானால் கூடுதான் இடம் மாற வேண்டும். மாற்றினால் பிழைக்குமா? தெரியாது.

சாயங்காலம் கொடி நறுக்கும் கவாத்துக் கத்தரியோடு போனேன். கிளையைத் தாங்க ஒரு ஆள் வேண்டும். சித்தி முனகிக்கொண்டே வந்தார். "ஊருல புள்ளைக வேலைக்குப் போகுதுக. இவ எட்டுக்கால் பூச்சிக்கு வீடு மாத்துறா."

ஒரு கிளை, இரண்டு கிளை. மூன்றாவதை வெட்டியதும் கூடு முழுவதும் சித்தியின் கைக்கு வந்தது. கூடவே ஒரு சிலந்தியும். முள்ளிலிருந்து விரலுக்கு, விரலிலிருந்து வளையலுக்கு.

"ஏத்தா... எடுடி! சீக்கிரம் எடுடி!"

"கையை ஆட்டாதீங்க சித்தி, கூடு கிழிஞ்சிரும்!"

"நான் எங்கடி ஆட்டுனேன்? என் உசுருதான் ஆடுது!"

கண்ணை இறுக மூடிக்கொண்டு, ஆனால் கிளையைக் கீழே போடாமல் நின்றார். நான் சிலந்தியை ஒரு புல்லில் ஏற்றி வலையில் விட்டேன். காற்று மேற்கேயிருந்து வருகிற மாதம். அதனால் சாரல் பறந்து வராத மேற்குப் பக்கமே நடந்து, வாய்க்காலைத் தாண்டி நின்ற ஒரு கருவேல மரத்தில் கிளைகளைச் சணலால் கட்டினோம். ஒரு சிலந்திகூட வெளியே தலைகாட்டவில்லை. செத்த துணிபோலத் தொங்கியது கூடு.

ஞாயிறு காலை தோட்டத்தில் மருந்து மிஷின் இரைந்துகொண்டிருந்தது. நான் வாய்க்காலுக்கு ஓடினேன். கட்டிய கிளையிலிருந்து கருவேல முள்ளுக்கு, அங்கிருந்து அடுத்த முள்ளுக்கு, ஒரு முழ அகலத்துக்குப் புது வலை! வெயிலில் லேசாக நீலம் பாய்ந்து தெரிந்தது. ஒரே இராத்திரியில், யார் சொல்லி, எது எந்த இழையைப் போட்டது? வில்லைகளும் கிழிசலுக்குள் அப்படியே இருந்தன. பின்னாலேயே வந்து எட்டிப் பார்த்த சித்தி, "குடியேறிருச்சுகளே!" என்றார்.

குஞ்சுகள் வளர்ந்ததும் தாய்ச் சிலந்திகள் தம் உடம்பையே அவற்றுக்கு இரையாக விட்டுவிடும் என்று படித்திருக்கிறேன். பெற்றதற்கு மட்டுமல்ல, பக்கத்துத் தாயின் பிள்ளைக்கும்கூட. அதைக் கண்ணால் பார்க்க வேண்டும். பத்து நிமிஷம் ஓரிடத்தில் உட்காராதவள், வருகிற வெள்ளிக்கிழமை முதல் சித்தி வீட்டில் தங்கி, தினமும் காலை ஆறிலிருந்து ஏழு வரை அசையாமல் உட்காரப் போகிறேன். கிழிசலுக்கு நேரே ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டுவிட்டு வந்திருக்கிறேன்.