சிவப்பு நூல் கட்டிய கம்பி

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைக்கு ஒயரிங் மாற்றப் போயிருந்தேன். வெளியே யாரோ பட்டாசு வெடிக்க, புகை உள்ளே வந்தது. "மெயின் சுவிட்ச ஆஃப் பண்ணிட்டேன் அண்ணே, கைய வைங்க லா," என்றார் கடைக்காரர்.

சின்ன வயதில் பழகிய அதே வெடிமருந்து வாசம்தான். கிள்ளான் பக்கத்து எஸ்டேட்டில் அப்பா லைசென்ஸோடு ஒரு நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்தார். குழாயின் வாய் வழியாக மருந்து, தேங்காய் நார், ஈய ரவை என்று போட்டுக் கம்பியால் இடிக்க வேண்டும். ஒரு தடவை கெட்டித்தால் கம்பி எதுவரை இறங்கும் என்பதற்கு அடையாளமாக அதில் சிவப்பு நூல் கட்டியிருப்பார்.

ஒரு சாயங்காலம் மரவள்ளிக் கொல்லையில் பன்றி இறங்கிவிட்டது. அப்பா கூட்டாளிகளோடு பேசிக்கொண்டே கெட்டித்தார். அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த அம்மா வந்து வாசலை மறித்தாள்.

"ரெண்டு தடவ மருந்து போட்டீங்க."

"ஒரு தடவதான். வழிய விடு, பன்னி ஓடிரும்."

"ஓடட்டும். அளந்துட்டுப் போங்க."

கூட்டாளிகள் சிரித்தார்கள். அம்மா நகரவில்லை. அப்பா கோபத்தோடு கம்பியைக் குழாய்க்குள் விட்டார். சிவப்பு நூல் நாலு விரல்கடை வெளியே நின்றது. சுட்டிருந்தால் குழாய் அப்பா முகத்திலேயே வெடித்திருக்கும். அன்று மரவள்ளி முழுவதையும் பன்றி தின்றுவிட்டுப் போனது.

நான் பையிலிருந்து டெஸ்டரை எடுத்தேன்.

"என் மேல நம்பிக்கை இல்லையாண்ணே?"

"நெறைய இருக்கு," என்று சொல்லிக்கொண்டே அதை ஒயரில் வைத்தேன்.