காலிக் கேனும் பருத்த டயரும்

என் அண்ணன் காசி குடித்துவிட்டு விழவில்லை. இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்வேன். பீடிப் புகை பட்டாலே மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்து போகிற மனுஷன் அவன். அவனைப் போய்க் குடிகாரன் என்றார்கள். சொன்ன வாய்கள் இருக்கட்டும், அதைக் கிளப்பிவிட்ட வாய் என் கையால் சோறு தின்ற வாய். அந்த எரிச்சல் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

அடி அண்ணாமலையில் அண்ணனுக்குப் பால் வியாபாரம். விடியற்காலையில் வீடு வீடாகப் போய்ப் பாலை வாங்கி, மோட்டார் சைக்கிளின் இரண்டு பக்கமும் கேன்களை மாட்டிக்கொண்டு, ரமணாசிரமம் பக்கத்து விடுதிகளுக்கும் டீக்கடைகளுக்கும் ஊற்றுவான். ஒரு சொட்டுத் தண்ணீர் கலக்க மாட்டான். முதல் சொம்புப் பால் எங்கள் தெருப் பிள்ளையாருக்கு. மீசை முளைக்காத காலத்திலிருந்து அந்தப் பிள்ளையாருக்கு அவன் கைப் பால்தான். அதில் அவனுக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு.

என் வீட்டுக்காரர் சுரேஷ்குமார் செங்கம் ரோட்டில் மெக்கானிக் கடை வைத்திருந்தார். தொண்ணூற்றாறு வாக்கில் பௌர்ணமி கிரிவலத்துக்கு எக்கச்சக்கமாகக் கூட்டம் வர ஆரம்பித்தது. டீக்கடைகளில் பால் ஜாஸ்தி கேட்டார்கள். இரண்டு கேன் மாட்டிய வண்டியில் பால்காரர்கள் நான்கு மாட்டினார்கள். பின்பக்கம் தொங்கிப்போய், முன்சக்கரம் தரையில் பாவாமல் ஹேண்டில் கிடுகிடுவென்று ஆடியது. இவர் ஒரு வழி கண்டுபிடித்தார். பின்னால் இருந்த ஒல்லி டயரைக் கழற்றிவிட்டு, அதே ரிம்மில் பெரிய வண்டியின் பருத்த டயரைத் திணித்து மாட்டினார். ஷாக் அப்சார்பர் ஸ்பிரிங்கை இருப்பதிலேயே இறுக்கமான கடைசி ஸ்டெப்பில் ஏற்றி வைத்தார். பாரம் ஏற்றியதும் வண்டி கல் மாதிரி நின்றது. ஊர்ப் பால்காரர்கள் அத்தனை பேரும் வந்து மாட்டிக்கொண்டு போனார்கள்.

பாரம் இருக்கும்போது சரி. பாலை ஊற்றிவிட்டுத் திரும்பும்போது? அதை எந்த மகராசன் யோசித்தான்? அவ்வளவு இறுக்கிய ஸ்பிரிங் காலி வண்டிக்கு அமுங்கவே அமுங்காது. சின்னப் பள்ளத்துக்கும் பின்சக்கரம் தரையை விட்டு எழும்பும். ஒல்லி ரிம்முக்குள் நெருக்கிய டயரோ நடுவில் பிதுங்கிக்கொண்டு நிற்கும். வளைவில் முதலில் சாய மாட்டேன் என்று அடம்பிடிக்கும், அப்புறம் பொசுக்கென்று ஒரேயடியாகச் சாய்ந்துவிடும். அண்ணன் எங்கள் வீட்டுக்கே வந்து சொன்னான். அடுப்படியிலிருந்து நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

"மாப்ள, காலிக் கேனோட வர்றப்ப வண்டி என் பேச்சைக் கேக்கல. பின்னாடி குதிக்குது. பழைய டயரையே போட்டுக் குடுத்துடு."

"போங்க மச்சான், புது டயருன்னா அப்படித்தான் இருக்கும். ஓட்ட ஓட்ட பழகிடும்."

ஸ்பேனரை எடுத்து அந்த ஸ்பிரிங்கைத் தளர்த்திவிட எவ்வளவு நேரம் பிடிக்கும்? ஒரு டீ குடிக்கிற நேரம். செய்யவில்லை.

ஒரு பௌர்ணமிக்கு மறுநாள், நல்ல வெயிலில், அண்ணன் காலிக் கேன்களோடு திரும்பிக்கொண்டிருந்தான். கிரிவலம் போகிறவர்களுக்காக ஏரிக்கரை வளைவுக்கு முன்னால் புதிதாக ஒரு ஸ்பீடு பிரேக்கர் போட்டிருந்தார்கள். அதில் ஏறிய பின்சக்கரம் அந்தரத்தில் எழும்பி, வளைவில் கோணலாக இறங்கியது. வண்டி அவனைத் தூக்கி எறிந்தது. வலது கால் ஒடிந்து போனது.

பார்க்க வந்தவர்களிடம் என் வீட்டுக்காரர் என்ன சொன்னார் தெரியுமா?

"நாலு கேன் பாலோட விழாத ஆளு, காலி வண்டியில எப்படிங்க விழுவாரு? எங்கயாவது ஊத்திக்கினு வந்திருப்பாரு."

ஊருக்கு அது போதாதா? வாயில் போட்டு மென்றார்கள். டயர்மேல் பழி வந்தால் பால்காரர்கள் எல்லோரும் கடையை முற்றுகை போட்டுவிடுவார்கள் என்று இவருக்குப் பயம். தன் கடையைக் காப்பாற்ற என் அண்ணன் பேரை நாறடித்தார். நான் சண்டை போட்டேன், தட்டைத் தூக்கி எறிந்தேன், ஒன்றும் நடக்கவில்லை.

கால் கூடி, கோல் ஊன்றி நடக்க ஆரம்பித்ததும் அண்ணன் பிள்ளையாருக்குப் பால் கொண்டு போனான். பூசாரி அருணகிரி கையை நீட்டவில்லை.

"குடிக்கிற கைப் பால் சாமிக்கு வேணாம் காசி. ஊர்ல பேசறாங்க."

அண்ணன் கோயில் வாசலிலேயே உட்கார்ந்து அழுதான். அவ்வளவு பெரிய ஆம்பிளை தேம்பித் தேம்பி அழுததைப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் காலையில் அண்ணன் அதே வண்டியைக் கோயில் முன்னால் கொண்டுவந்து நிறுத்தச் சொன்னான். கோணிப்போன ஹேண்டிலை மட்டும் வேறு கடையில் நிமிர்த்தியிருந்தான், பின்பக்கம் யாரையும் கைவைக்க விடவில்லை. நான் என் வீட்டுக்காரரை இழுத்துக்கொண்டு போனேன். பூசாரி இருந்தார், பால்காரர்கள் இருந்தார்கள், தெருவே இருந்தது.

"மாப்ள, வண்டி நீ போட்டுக் குடுத்த மாதிரியே இருக்கு," என்றான் அண்ணன். "காலிக் கேனை மாட்டியிருக்கேன். அந்த ஸ்பீடு பிரேக்கர்ல ஏறி, நான் வந்த வேகத்துல வளைவைத் திரும்பிக் காட்டு. நீ விழாம வந்துட்டீன்னா, நான் குடிச்சேன்னு சாமி முன்னாடி ஒத்துக்கறேன்."

"இதெல்லாம் ஒரு விஷயமா?" என்று இவர் சிரித்துக்கொண்டே ஏறி உதைத்தார். கொஞ்ச தூரம்தான் போனார். குண்டும் குழியுமான தெருவில் பின்பக்கம் தடக் தடக்கென்று குதித்தது, கேன்கள் கடகடவென்று அடித்துக்கொண்டன. வண்டியை நிறுத்தினார். முகத்தில் சிரிப்பு இல்லை. திரும்பி என்னைக் கூப்பிட்டார்.

"சரசு, வந்து பின்னாடி உக்காரு."

"நான் எதுக்கு?"

"ஒரு ஆள் வெயிட்டு இருந்தாத்தாண்டி ஸ்பிரிங்கு அமுங்கும். காலியா போனா தூக்கி அடிச்சிடும்."

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. நான் அவருக்கு நேராகப் போய் நின்றேன்.

"அப்போ எங்கண்ணன் காலியா வந்தானே, அவன் பின்னாடி யாருய்யா உக்காந்திருந்தாங்க?"

"சரசு, வீட்ல பேசிக்கலாம்."

"ஊருக்குச் சொன்னதை வீட்ல எதுக்குப் பேசணும்? இங்கயே சொல்லு. எங்கண்ணன் குடிக்கலன்னு சொல்லு."

தலையைக் குனிந்துகொண்டு முனகினார். "மச்சான் குடிக்கல."

"பூசாரிக்குக் கேக்கல," என்றேன். "சத்தமா சொல்லுய்யா."