காலில் கயிறு இல்லாத கனடாக்காரி

டியூட்டி முடிந்து ஷார்ஜா தொழில்பேட்டை டீக்கடையில் இருந்தோம். டிவியில் ஒரு கனடாக்காரி சின்னப் பலகையில் குப்புறப் படுத்து, பனிக்கட்டிப் பாதையில் தலை முன்னால் போகச் சறுக்கினாள்.

நாங்களும் அப்படித்தான் பலகையில் படுத்து, இழுத்தெடுக்கக் காலில் கயிறு கட்டிக்கொண்டு, குழாய்க்குள் போய்ச் சுத்தம் செய்கிறோம்.

ரூம்மேட் முருகேசன் பதறினான். "என்னண்ணே, கால்ல கயிறு கட்டாம விட்டுட்டானுங்க?"

யாரும் சிரிக்கவில்லை. போன வாரம் கூட வேலை செய்த செல்வத்தைக் குழாயிலிருந்து கயிற்றால்தான் வெளியே இழுத்தோம். உயிர் இல்லை.

"இது அவளோட கடைசிப் போட்டிடா. எலும்பு முறிஞ்சும் திரும்பி வந்து சறுக்கினவளாம். இப்ப போதும்னுட்டா" என்றேன்.

"போதும்னு அவளே சொல்லலாமா? நம்மளது மொதலாளிகிட்ட; அவ பாஸ்போர்ட் யார்கிட்டண்ணே இருக்கு?"

இதைப் படிக்கும் கனடா நண்பர்களே, முருகேசனுக்கு யாராவது பதில் சொல்லுங்கள். காலையில் செல்வத்தின் பலகையில் இவன்தான் படுக்க வேண்டும்.