நோர்வூட்டில் பூத்த லில்லி

மார்ச் மாதச் சனிக்கிழமை. காலை ஆறு மணிக்கு வலப்பனையில் பஸ் ஏறினேன். நுவரெலியாவில் ஒன்று, ஹட்டனில் இன்னொன்று என மாறி, நோர்வூட்டில் இறங்கும்போது பதினொன்றரை. மேலே தேயிலைத் தோட்டத்துக்கு ஆட்டோ நானூறு ரூபாய்.

“யாரு வீட்டுக்குங்க?” என்றார் ஓட்டுநர்.

“எஸ்தர் அக்கா வீட்டுக்கு.”

“பூக்கார அக்காவா? இந்த வாரம் பூராவும் ஆளுங்க வந்து பாத்துட்டுப் போறாங்க.”

எஸ்தர் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். ஒன்பது வருடங்களுக்கு முன், நான் அந்தப் பக்கத்துப் பள்ளியில் படிப்பித்தபோது, டிக்கோயா ஆஸ்பத்திரியில் அடுத்தடுத்த கட்டிலில் படுத்திருந்தோம். அந்தப் பழக்கத்தில் என் வீட்டு வெள்ளை லில்லிக் கிழங்கு ஒன்றைக் கொடுத்தேன். அதன் பூவில் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் இருந்த சிவப்பு லில்லியின் மகரந்தத்தைக் கோழி இறகால் தடவி, விதை எடுத்து முளைக்க வைத்தார். அவை பூக்க நான்கு வருடம். அவற்றை மறுபடி வெள்ளையோடு சேர்த்து இன்னும் நான்கு வருடம். முப்பது செடிகளில் ஒன்றுதான் அவர் நினைத்தபடி வந்திருந்தது. அதைப் பார்க்க வரச் சொல்லிப் போன் செய்திருந்தார்.

அது லயத்து வாசலில் பூத்து நின்றது. வெளிறிய பச்சை இதழ்; விளிம்பில் மட்டும் ஊசியால் கீறியது போலச் சிவப்பு.

பிறகுதான் இலையைப் பார்த்தேன். நெடுக மஞ்சள் கோடுகள். போன வருடம் என் வீட்டுத் தோட்டத்திலும் அதே கோடுகள்தான். வைரஸ், மருந்து கிடையாது என்றார்கள். எல்லாக் கிழங்குகளையும் தோண்டி எரித்தேன். அன்றே எஸ்தருக்குப் போன் செய்திருக்க வேண்டும். தோன்றவில்லை.

“உரம் பத்தலையா டீச்சர்?” என்றார் எஸ்தர்.

“இல்லக்கா, சீக்கு. எல்லாத்தையும் தோண்டி எரிக்கணும்.”

“விதை எடுத்து வச்சிக்கிட்டா?”

“விதையில சீக்கு வராம இருக்கலாம். ஆனா இதே பூ வராது.”

இலையை விரலால் தடவிப் பார்த்தார். “எங்கேருந்துங்க வந்துச்சு?”

பூச்சி எங்கிருந்தோ கொண்டுவந்தது என்று சொல்லியிருக்கலாம். “நான் குடுத்த கிழங்குல இருந்து இதுக்குத் தொத்தியிருக்கும்க்கா. போன வருஷந்தான் எனக்குத் தெரிஞ்சிச்சு.”

“போன வருஷமேவா?”

எஸ்தர் உள்ளே போய் மண்வெட்டியை எடுத்து வந்து என் கையில் தந்தார்.

“எனக்கு அறுபத்திமூணு வயசு டீச்சர். இன்னொரு எட்டு வருஷத்துக்கு எங்க போவேன்? நீங்களே வெட்டிருங்க. என்னால ஏலாது.”

எல்லாவற்றையும் வெட்டியெடுத்து எரித்தேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சுவரோரம் நின்றார்.

மூன்று மணி பஸ்ஸுக்கு இறங்கினேன். அவர் பாதை வரை வரவில்லை. என் தோட்டத்தில் எரிந்தவை நுவரெலியாவில் இன்றும் விலைக்குக் கிடைக்கும். எஸ்தரின் பூ இந்த உலகத்திலேயே அந்த ஒரு கிழங்கில்தான் இருந்தது.