கைராசிக்கு ஓர் ஒப்பந்தம்

தொண்ணூறுகளின் நடுவில் தி. நகரில் ஒரு மேட்சிங் சென்டரில் எனக்குப் பாதிப் பங்கு இருந்தது. புடவையைக் கொண்டுவந்தால் அதே நிறத்தில் ரவிக்கைத் துணி வெட்டிக் கொடுப்போம். ‘கொடுப்போம்’ என்பது சும்மா பேச்சுக்கு. சரக்கெடுக்க ரயிலேறியது, அடுக்கியது, வெட்டியது எல்லாம் நான். பங்குதாரர் பத்து மணிக்கு வருவார். அன்றைய முதல் துணியை வெட்டுவார். காபி குடித்து, பேப்பரை விளம்பரம் விடாமல் படித்துவிட்டுச் சாப்பிடப் போவார். திரும்ப மாட்டார்.

அவருக்குக் கைராசி என்று பேச்சு. ராசியாவது மண்ணாவது! கடை முழுக்க என்னுடையதாக வேண்டும் என்ற வெறியில், அவர் பங்கை வாங்கிக்கொள்வதாகச் சொன்னேன். மறுப்பார் என்று வாதங்களோடு போயிருந்தேன். “அதுக்கென்ன, எடுத்துக்கங்க” என்றார். எனக்கு எரிச்சலாக வந்தது.

மயிலாப்பூர் வக்கீல் முத்திரைத் தாளில் பக்கம் பக்கமாக எழுதினார். அலமாரி, டியூப்லைட், கத்திரிக்கோல், கடையின் பெயர், எதையும் விடவில்லை. இனி பங்குதாரருக்கும் கடைக்கும் சம்பந்தமில்லை என்ற வரியை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டேன். பங்குதாரர் கண்ணாடியைத் துடைத்து மாட்டுவதற்குள் முதல் ஆளாகக் கையெழுத்தும் போட்டேன்.

மறுநாள் காலை ஒரு மாமி கல்யாணப் பட்டுகளோடு வந்தார். கத்திரிக்கோலோடு நின்ற என்னைப் பார்த்து, “அவர் இல்லையா?” என்றார்.

“விலகிட்டார் மாமி. நான் வெட்டறேன்.”

“உங்களைக் குத்தம் சொல்லலை. எங்காத்துல மூத்தவளுக்கு அவர்தான் வெட்டினார், அமெரிக்காவுல நன்னா இருக்கா. அவர் வீடு எங்கேன்னு மட்டும் சொல்லுங்கோ.”

முகூர்த்த மாதம் முழுக்க இதே கேள்வி. சிலர் அவர் விலாசத்தை என் ரசீதுத் தாளிலேயே எழுதி வாங்கிக்கொண்டு போனார்கள்.

மாதக் கடைசியில் நானும் பழைய பங்குதாரரும் அதே வக்கீல் முன்னால் மறுபடி உட்கார்ந்தோம். புது ஒப்பந்தப்படி அவர் தினமும் பத்து மணிக்கு வந்து முதல் துணியை வெட்ட வேண்டும். சம்பளம் உண்டு, காபி உண்டு. “கைராசின்னு எழுதினா கோர்ட்டுல சிரிப்பாங்க சார்” என்று வக்கீல் ‘தொழில்நுட்ப ஆலோசகர்’ என்று போட்டார்.

“யார் முதல்ல கையெழுத்து?” என்றார் வக்கீல்.

முதலாளி நான்தானே, பேனாவைத் திறந்தேன். தாளில் வைக்கப் போன கை நின்றது. பேனாவை அவரிடம் நீட்டினேன்.

“முதல்ல நீங்க போடுங்க சார்.” சொல்லும்போதே வெட்கமாக இருந்தது.

“போன தடவை நீங்கதானே முதல்ல போட்டீங்க?” என்று கேட்டபடியே அவர் வாங்கிக்கொண்டார்.