மைதானத்துக்கு இடம் பார்த்தது

மலையில் சமதரை தேடுவதுதான் அப்போது என் பிழைப்பு. மலாயாவில், கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் சங்கிலிக்காரனாக இருந்தேன். நிலம் அளக்கும்போது இரும்புச் சங்கிலியின் ஒரு முனையை இழுத்துக்கொண்டு முள்ளிலும் பள்ளத்திலும் ஓடுகிறவன் நான். மறுமுனையைத் தோட்டத்துக் கணக்கரான கிராணி நிழலில் நின்று பிடித்துக்கொள்வார். நானும் அவரும் சேர்ந்து அளந்தோம் என்று ஊரில் பேச்சு.

ஜப்பான்காரன் வந்து இரண்டாவது வருஷம். தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஓடிப்போகும்போது எங்களை விட்டுவிட்டு நாயை மட்டும் காரில் ஏற்றிக்கொண்டு போயிருந்தார். அரிசி கண்ணால் பார்க்கக் கிடைக்கவில்லை. சாக்குத் துணியைச் சுற்றிக்கொண்டு அந்தக் குளிரில் வேலைக்குப் போனோம். முதல் வருஷமே மூன்று வயது மகளைச் சீதபேதிக்குக் கொடுத்துவிட்டேன். ஐந்து வயது மகன் மிச்சம் இருந்தான். நாங்கள் வரிசை வீடுகளில் குடியிருந்த லயத்துக்குக் கீழே, ஆற்றோரச் சமதரையில் எல்லோரும் சேர்ந்து போட்ட சக்கரவள்ளிக் கிழங்குதான் அவனையும் எங்களையும் உயிரோடு வைத்திருந்தது.

அப்படி இருக்கையில் ஒருநாள் பிரிஞ்சாங்கில் இருந்த ஜப்பான் ராணுவ முகாமிலிருந்து உத்தரவு வந்தது. சுற்றுத் தோட்டங்களுக்கெல்லாம் சேர்த்து ஒரு பாடாங், அதாவது விளையாட்டு மைதானம், வேண்டுமாம். தினமும் காலையில் எல்லோரும் கையைக் காலை ஆட்டி உடற்பயிற்சி செய்ய வேண்டுமாம். சக்கரவர்த்தி பிறந்தநாளுக்கு ஓட்டப்பந்தயம் வைக்க வேண்டுமாம். சோறில்லாத ஆட்களை ஓடவிட்டுப் பார்க்க எவனுக்கு ஆசை வந்ததோ. அதிகாரி மூன்று நாளில் வந்து இடம் பார்ப்பார் என்றார் கிராணி.

எங்கள் தோட்டத்தில் சமதரை இரண்டே இரண்டு. ஒன்று கிழங்குக் காடு. மற்றது மேட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த எங்கள் புதைகாடு. மீதியெல்லாம் ஆடு நின்றால் சறுக்கும் சரிவு. அதிகாரி கண்ணில் ஆற்றோரம்தான் முதலில் படும் என்று எல்லோருக்கும் தெரிந்தது.

"அந்தக் கெழங்கு போச்சுன்னா லயத்துல ஒரு புள்ள மிஞ்சாது," என்றார் கங்காணி.

யோசனை சொன்னது நான்தான். இதை நான் வேறு யார் மேலும் போட முடியாது.

"ஜப்பான்காரன் செத்தவங்கள மதிக்கிறவன். இதுதான் எங்க பொதகாடுன்னு சொல்லிட்டா தொடமாட்டான்லா. கெழங்குப் பாத்தியப் பாருங்க, பொதகுழி மாதிரிதானே நீட்டமா இருக்கு. கொடிய வெட்டிட்டு, தலமாட்டுல ஒரு கல்ல நட்டா முடிஞ்சுபோச்சு. வேற சமதர இல்லன்னு கோலா தெர்லா பக்கம் போயிருவான்."

எல்லோரும் என்னைப் பார்த்த பார்வையில் நான் கொஞ்சம் நிமிர்ந்து நின்றேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் நிமிர்ந்துதான் நின்றேன்.

புதுக் கல் பொய்யைக் காட்டிக்கொடுக்கும் என்றும் நானே சொன்னேன். பாசி பிடித்த கல் வேண்டும். அதனால் உண்மையான புதைகாட்டிலிருந்தே கற்களைப் பிடுங்கி வருவது என்று முடிவானது. கிறிஸ்தவக் குடும்பங்கள் பழைய தேயிலைப் பெட்டிப் பலகையில் செய்து நட்டிருந்த சிலுவைகளைக் கொடுத்தார்கள். இரண்டு நாளில் திருப்பி வைத்துவிடுவோம் என்பது பேச்சு.

என் மகளின் கல்லை நானே பிடுங்கினேன். முழங்கால் உயரம், சுண்ணாம்பு பூசியது, அதற்குள் பாசி ஏறியிருந்தது. என் மனைவி பக்கத்தில் நின்றிருந்தாள்.

"ஒரு குச்சியாவது அடிச்சு வைங்க," என்றாள்.

"ரெண்டு நாள்தானே. எனக்கா எடம் தெரியாது?" என்றேன்.

சங்கிலிக்காரனுக்கு முதல் பாடமே அதுதான். எல்லைக் கல்லை எடுக்கும் முன் அந்த இடத்தில் முளைக்குச்சி அடி, இல்லாவிட்டால் இடம் போய்விடும். பத்து வருஷம் அடுத்தவர் நிலத்துக்கெல்லாம் முளை அடித்தவன், என் பிள்ளைக்கு அடிக்கவில்லை. அவசரம் என்று சொல்லிக்கொள்ளலாம். அவசரம் இல்லை, திமிர்.

அதிகாரி வந்தார். வயதானவர், கண்ணாடி போட்டவர், கொஞ்சம் மலாய் பேசினார். ஆற்றோரத்துக்கு வந்து கற்களையும் சிலுவைகளையும் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினார். குனிந்து நின்றார். வெகுநேரம் நின்றார். கூட வந்த சிப்பாய்களும் குனிந்தார்கள், நாங்களும் எங்கள் கிழங்குக்குக் குனிந்தோம். கங்காணிக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் தோள் குலுங்கியது. பின்னால் நின்ற சிப்பாய் அதை அழுகை என்று நினைத்து அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தான்.

தோட்டத்தில் இது ஒன்றுதான் புதைகாடா என்று அதிகாரி கேட்டார். ஒன்றுதான் என்றார் கிராணி. அதுவரை எல்லாம் நான் நினைத்தபடியே நடந்தது. பிறகு அதிகாரி, மேட்டில் நின்றால் மலை நன்றாகத் தெரியுமே என்று ஏறினார். உச்சியில் நின்று அந்தப் பக்கம் கை நீட்டினார்.

அங்கே லாலாங் புல் மண்டிய சமதரை கிடந்தது. ஒரு கல் இல்லை. ஒரு சிலுவை இல்லை. குவித்த மண்ணையெல்லாம் மலை மழை தணித்துவிட்டிருந்தது.

"பாகுஸ்," என்றார். நல்ல இடம் என்று அர்த்தம். செத்தவர்களைத் தொந்தரவு செய்யாமல் வேலை முடிகிறது என்று அவருக்கு உண்மையாகவே சந்தோஷம்.

கிராணி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். இதுதான் உண்மையான புதைகாடு என்று சொன்னால், அப்படியானால் கீழே குனிந்து கும்பிட்டது எதை என்று கேட்பார். ஜப்பான்காரனைக் கிழங்குக்குக் குனியவைத்த லயத்தில் எத்தனை தலை மிஞ்சும்? மிஞ்சியவர்களும், போனவர்கள் திரும்பாத சயாம் ரயில் பாதை வேலைக்குப் போவார்கள்.

"அளங்கடா," என்றார் கிராணி. குரல் அவருடையதாகவே இல்லை. நான் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். என் வாழ்நாளில் நான் ஓடாமல் நடந்து அளந்தது அன்று ஒருநாள்தான்.

மறுநாள் காலையிலேயே மண்ணைச் சமமாக்கும் வேலை. ஆணும் பெண்ணும் வர வேண்டும் என்று உத்தரவு. கையில் மண்வெட்டியோடு என் மனைவி வந்து என் பக்கத்தில் நின்றாள்.

"எந்த எடம்?"

நான் மண்வெட்டியின் காம்பைத் துடைத்தேன்.

"நீங்கதானே அளக்கிறவரு. சொல்லுங்க. அந்த எடத்துல யாரையும் வெட்டவிடாம நான் நின்னுக்கிறேன்."

முந்தின நாள் மாலையே சிப்பாய்கள் லாலாங்கை வெட்டித் தீ வைத்திருந்தார்கள். எல்லாம் ஒரே கறுப்பு. மேட்டிலிருந்து மூன்றாவது வரிசை என்று ஞாபகம், ஆனால் வரிசை எங்கே? கல் பிடுங்கிய குழியாவது தெரியுமா என்று தேடினேன். எத்தனையோ குழிகள், எல்லாவற்றிலும் சாம்பல். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தெரியவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாலடி எடுத்து வைத்தேன், திரும்பி இரண்டடி வைத்தேன், ஏதோ அளந்தவன்போல நின்றேன்.

"இங்கதான்," என்றேன்.

நம்பினாள். அங்கேயே உட்கார்ந்து ஒரு கைப்பிடி மண் அள்ளி முந்தானையில் முடிந்துகொண்டாள். சிப்பாய் அதட்டும்வரை எழுந்திருக்கவில்லை. பிறகு அந்த இடத்தில் தன் மண்வெட்டியால் மேலாக மட்டும் கொத்தினாள், வேறு யாரையும் கிட்டே வரவிடவில்லை.

மூன்றாம் நாள், நான் காட்டிய இடத்துக்கு முப்பது தப்படி தள்ளி என் மண்வெட்டியில் ஒரு கறுப்புக் கண்ணாடி வளையல் துண்டு வந்தது. குழந்தைக் கைக்குரியது. அந்தத் தோட்டத்தில் எல்லாப் பிள்ளைக்கும் அதே கடையில் வாங்கிய அதே வளையல்தான் போட்டுப் புதைத்தோம். யாருடையது என்று எப்படிச் சொல்வது? அவள் திரும்பிப் பார்ப்பதற்குள் காலால் மண்ணைத் தள்ளி மூடினேன்.

பந்தயம் நடந்தது. என் மகன் ஓடினான், இரண்டாவதாக வந்தான். பரிசு இரண்டு சக்கரவள்ளிக் கிழங்கு. அதிகாரி கை தட்டினார். கற்களைத் திருப்பி வைக்க இடம் இல்லாததால் அவை கிழங்குப் பாத்திகளிலேயே நின்றன. கிழங்கு தோண்டும்போதெல்லாம் அந்தக் கற்களைச் சுற்றித்தான் தோண்டினோம். சாப்பிட்டோம். மகன் பிழைத்தான்.

சண்டை முடிந்து திரும்பிய துரை, மைதானம் அருமையான இடத்தில் அமைந்திருக்கிறது என்று பாராட்டினார். இடம் பார்த்தது யார் என்று கேட்டார். கிராணி என்னைக் காட்டினார்.

அன்று முந்தானையில் முடிந்த மண்ணை என் மனைவி ஒரு பால் டின்னில் போட்டு வைத்திருந்தாள். கம்போங் ராஜா என்ற ஊருக்கு வீடு மாறியபோதும் மடியில் வைத்துக்கொண்டு லாரியில் வந்தாள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அதற்குப் பக்கத்தில் விளக்கு ஏற்றினாள். நாற்பது வருஷம். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். சொல்லவில்லை.

அவள் கடைசியாகப் படுத்திருந்தபோது டின்னைத் தன்னோடு குழியில் வைத்துவிடச் சொன்னாள்.

"ஒங்களுக்கு எடம் தெரிஞ்சதே, அது போதும்," என்றாள்.

வைத்துவிட்டேன். அவள் தலைமாட்டில் கல் நடும் முன் நாலு மூலையிலும் முளை அடித்தேன்.